நிற்காத பஸ்ஸும் பதினான்கு கேள்விகளும்

போன ஞாயிறு பூசை முடிந்ததும் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "ஐயா, எந்தப் படம் போடலாம்?"

பங்கு மண்டபத்தில் மாதம் ஒரு சினிமா போட்டு, பார்த்தவர்களைப் பேசவைத்து, அந்தப் பேச்சின் வழியே விசுவாசத்தைத் தொடுகிற பொறுப்பு இனி உங்களுடையது. நான் இருபத்தாறு ஆண்டு உபதேசியாராக இருந்தவன். கடைசி ஐந்து ஆண்டில் அந்த மண்டபத்தில் ஐம்பத்தொரு படம் போட்டிருக்கிறேன். பட்டியல் என்னிடம் இருக்கிறது, தருகிறேன். ஆனால் எந்தப் படம் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நடத்துகிறவன் எப்போது வாயை மூட வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பங்குச் சாமியாரோ மடத்துச் சிஸ்டரோ அல்ல. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடை தூக்கி வருகிற ஓர் அம்மாள். "எம்பேரெல்லாம் எழுதாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். மீன்காரம்மா என்றே எழுதுகிறேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். கிறிஸ்தவள் அல்ல.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். மண்டபத்தில் ஜன்னல் பதினொன்று. படம் மூன்று மணிக்கு என்பதால் வெளிச்சத்தை மறைக்கப் பதினொரு கறுப்புத் துணி. நாற்காலி அறுபத்து நான்கு, அதில் கால் ஆடுகிறவை மூன்று. அந்த மூன்றுக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்துவைத்தேன். ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே கனமான மூன்று பேர் தேடிப்போய் அவற்றில்தான் உட்கார்ந்தார்கள். கரண்ட் போகுமோ, ஒயர் சூடாகுமோ, யாராவது தடுக்கி விழுவார்களோ என்று படம் முழுவதும் நின்றுகொண்டே இருப்பேன்.

படம் தேர்ந்தெடுப்பதிலும் இதே புத்திதான். தொடக்கத்தில் சிலுவையை எண்ணினேன். சிரிக்காதீர்கள். படத்தில் எத்தனை இடத்தில் சிலுவை தெரிகிறது, கோவில் காட்சி எத்தனை நிமிடம், அங்கி போட்ட பாதர் எத்தனை வசனம் பேசுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்ப்பேன். கூடுதல் மதிப்பெண் வாங்கிய படம் மண்டபத்துக்கு வரும். அப்படி வந்த நான்காவது படத்தில் சிலுவை ஏழு. கதாநாயகன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான், மணி அடிக்கிறது, புறா பறக்கிறது. படம் முடிந்ததும், "இதில் இயேசுவை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். ஒன்பது பேர் கையைத் தூக்கி, ஒன்பது பேரும் மெழுகுவர்த்திக் காட்சியைச் சொன்னார்கள். எனக்குப் பரம திருப்தி.

கதவருகே தரையில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா அன்றைக்குத்தான் முதல்முறை வந்திருந்தாள். கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, கால் வலிக்கிறது என்று உள்ளே ஒதுங்கியவள்.

"அந்த இட்லிக் கடைக்காரியச் சொல்லலியே யாரும்" என்றாள்.

"எந்த இட்லிக் கடை?" என்றேன்.

"என்னா உபதேசியாரே, படத்தப் பாத்தீங்களா, தூங்கிட்டீங்களா? வில்லனப் போட்டு அடிச்சி ரோட்டுல தள்ளிட்டுப் போறாங்க. எல்லாம் கைதட்டுறாங்க. அவ ஒருத்தி சொம்புல தண்ணி எடுத்தாந்து குடுத்தா. இவன் நல்லவனா கெட்டவனான்னு கேட்டாளா?"

வீட்டுக்குப் போய்த் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. இருபத்திரண்டு விநாடி. அந்தக் கடையில் சிலுவை இல்லை என்பதால் என் நோட்டில் அது ஏறவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியனைப் பற்றி நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். அவள் அந்த உவமையைக் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து சிலுவை எண்ணுவதை விட்டேன். எண்ணுவதை விட்டேனா என்றால், இல்லை. வேறு எதையாவது எண்ணினேன். அதனால்தான் இப்போது சொல்லப்போவது நடந்தது.

எங்கள் பங்கில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை நம் ஊரில் சொல்தா என்போம், உங்களுக்குத் தெரியும். மனைவி இல்லை. மகன் பிரான்சில். ஒரே மகள் தெரேஸ், முதலியார்பேட்டைப் பையன் ஒருவனை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், இந்து. சொல்தா அதன்பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு ஆண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவே நான் நடந்து பார்த்திருக்கிறேன். மூவாயிரத்துச் சொச்சம் அடி. அவள் நடுவில் நான்கு முறை போய்க் கதவைத் தட்டி, நான்கு முறையும் அவர் உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்ததாகச் சொன்னாள். அப்பா உட்காருகிற கோவிலுக்கு அவள் வருவதையும் விட்டுவிட்டாள்.

பிறகு, சொல்தா மகனோடு இருக்க நிரந்தரமாகப் பிரான்சுக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. வயது எழுபத்தெட்டு. இனி திரும்புவது சந்தேகம். எங்கள் மாதப் படத்துக்கும் அவர் விமானம் ஏறுவதற்கும் இடையே சரியாக ஒன்பது நாள். அதற்குள் அப்பனும் மகளும் பேசிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு நமைச்சல். சாமியார் பேசிப் பார்த்துத் தோற்றிருந்தார். நான் சினிமாவைக் கொண்டு சாதிக்கலாம் என்று நினைத்தேன்.

படம் தயாராக இருந்தது. ஆறு பாட்டு, மூன்று சண்டை, நன்றாக ஓடிய படம். ஓர் ஊர் பஸ் டிரைவர். மகள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு அடுத்த ஊரில் குடியிருக்கிறாள். அவள் நிற்கிற ஸ்டாப்பில் மட்டும் அவர் பஸ்ஸை நிறுத்த மாட்டார். கைப்பிள்ளையோடு அவள் கையைக் காட்டுவாள். பஸ் புழுதி கிளப்பிப் போய்விடும். அப்படி ஒன்பது முறை போகிறது, எண்ணிவைத்திருந்தேன். கடைசியில் நிறுத்துகிறார். இடைவேளையில் படத்தை நிறுத்தி ஊதாரி மைந்தன் உவமையைச் சொல்வது, பிறகு கேள்வி கேட்பது என்று திட்டம். பதினான்கு கேள்விகளை முழுத்தாளில் எழுதினேன்.

தெரேஸைப் போய் அழைத்தேன்.

"அவரு வருவாரா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். இது பொய். ஒரு மாதமும் தவறாமல் வருகிறவர். மூன்றாவது வரிசையில் சுவரோரம், மின்விசிறிக்குக் கீழே அவர் நாற்காலி. "பூசை இல்லையே தெரேஸ், படம்தானே."

"படம்தானே" என்று அவளும் சொன்னாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு வந்தவர்கள் நாற்பத்தேழு பேர். படம் தொடங்கிப் பதினைந்து நிமிடம் கழித்து நாற்பத்தெட்டாவதாக அவள் வந்தாள். இருட்டில் தடவிக்கொண்டு, நடைபாதை ஓரமாகக் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவும் மூன்றாவது வரிசை. வரிசைக்கு ஏழு நாற்காலி. முதலாவதில் சுவரோரம் அப்பா, ஏழாவதில் மகள், இடையில் ஐந்து பேர். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

இடைவேளை வந்தது. நிறுத்தினேன். விளக்கைப் போட்டேன். மைக்கை எடுத்து உவமையைச் சொன்னேன், நன்றாகத்தான் சொன்னேன். சொத்தைப் பிரித்துக்கொண்டு போனவன், பன்றி மேய்த்தவன், திரும்பி வந்தவன். முதல் மூன்று கேள்விகளும் பழுதில்லை. நான்காவது கேள்வி தாளில் இப்படி இருந்தது: "உவமையில் வீட்டைவிட்டுப் போனது இளைய மகன். இந்தப் படத்தில் வீட்டைவிட்டுப் போனது யார்?"

கேட்ட உடனே தெரிந்துவிட்டது. பாடற்குழுவில் இருக்கும் ஒருவர், நல்ல குரல், கெட்ட நாக்கு, பின்வரிசையிலிருந்து கேட்டார்: "படத்துலயா உபதேசியாரே, இங்கயா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அடுத்த நொடி நாற்பது தலையாவது மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. அப்போதுதான் தெரேஸ் எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்த்து, சுவரோரம் அப்பாவைக் கண்டாள். அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். திரையில் ஒன்றும் இல்லை, வெள்ளைத் துணி. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுத மாட்டேன். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் வரும். கையில் மைக், எதிரே கூட்டம், நாம் செய்த தப்பு எழுந்து நிற்கிறது. அந்த நேரத்தில் மனம் செய்யும் முதல் வேலை இன்னொரு வாக்கியத்தைத் தேடுவது. நானும் தேடினேன். "நான் பொதுவாகக் கேட்டேன்" என்று சொல்லலாமா, ஐந்தாவது கேள்விக்குத் தாவலாமா, ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாமா? மூன்று வழி தோன்றியது. மூன்றுமே அவளை வாசலுக்கு அனுப்பும் வழி. போனால் திரும்ப மாட்டாள். மீதி ஒன்பதே நாள்.

கதவருகிலிருந்து குரல் வந்தது.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? ஊட்ட உட்டுப் போனது அந்த பஸ்ஸு ஓட்டுறவருதான்."

மீன்காரம்மா. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. முதலில் எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

"அவர் எங்கம்மா போனார்? வீட்டிலேயேதானே இருக்கிறார்" என்றேன். மைக்கில் சொன்னேன், மடையன்.

"இருந்தா? ஊட்டுலயே குந்திக்கினு போயிட்டாரு. பொண்ணு எங்க போச்சி? அதே ஸ்டாப்புலதான் தெனம் நிக்குது." பிறகு என்னிடம், "நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே. பஸ்ஸு எத்தினி வாட்டி நிக்காம போச்சி?"

"இதுவரை ஐந்து. மொத்தம் ஒன்பது."

"அஞ்சி வாட்டியும் தாண்டிப் போனதுக்கப்புறம் கண்ணாடியில திரும்பிப் பாத்தாரே, அத எண்ணுனீங்களா?"

அந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கண்ணாடி இருப்பதே எனக்குத் தெரியாது.

"எண்ணல. முழியப் பாரு" என்றாள். இந்த முறை மண்டபமே சிரித்தது, என்னைப் பார்த்து. அந்தச் சிரிப்புக்குள் அவள் மெதுவாக, ஏதோ மீன் விலை சொல்வதுபோல, நின்றுகொண்டிருந்த தெரேஸிடம் பேசினாள்: "நீ ஏம்மா நிக்கிற? குந்து. பாதிப் படத்துல எந்திரிச்சிப் போனா மிச்சத்த யாரு பாக்குறது?"

தெரேஸ் நின்றாள். எத்தனை விநாடி என்று என்னைக் கேட்டால் சொல்வேன், ஏழு. உட்கார்ந்தாள்.

என் கையில் மைக் இருந்தது. இதுதான் நான் இந்த வேலையில் செய்த ஒரே உருப்படியான காரியம் என்பதால் சொல்கிறேன். உவமையின் இரண்டாம் பாதி என் நாக்கில் வந்து நின்றது. அந்த மூத்த மகன் இருக்கிறானே, வீட்டைவிட்டுப் போகாதவன், கடைசியில் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைய மறுத்து வெளியே நிற்கிறவன். இருபத்தாறு ஆண்டு நான் மேலோட்டமாகத் தாண்டிப்போன அவனை, நற்செய்தியைத் தொடாத ஒருத்தி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அதை எடுத்துச் சொல்ல என்ன ஆசையாக இருந்தது தெரியுமா! எவ்வளவு அழகான பிரசங்கம்! சொல்லியிருந்தால் நாற்பது தலையும் இப்போது அப்பாவின் பக்கம் திரும்பியிருக்கும். அவர் எழுந்து போயிருப்பார்.

"போடுங்க படத்த" என்றாள் மீன்காரம்மா.

மைக்கை அணைத்து மேசையில் வைத்தேன். விளக்கை நிறுத்தினேன். பத்துக் கேள்வி மிச்சம் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் பஸ் இன்னும் நான்கு முறை நிற்காமல் போயிற்று. நான்கு முறையும் டிரைவரின் கண் கண்ணாடிக்குப் போனது. ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் யாராவது மெல்ல, "பாத்தாரு பாரு" என்றார்கள். பத்தாவது முறை பிரேக் சத்தம் கேட்டபோது, வழக்கமாக விசிலடிக்கிற பையன்கள்கூட அடிக்கவில்லை. நான் சொல்தாவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படம் முடிந்தது. கலந்துரையாடல் இல்லை என்று கையால் சைகை காட்டினேன். ஜனம் கலைந்தது. மூன்றாவது வரிசையில் சுவர்ப்பக்கம் வழி கிடையாது. ஏழாவது நாற்காலியைக் கடந்துதான் வெளியே வர முடியும். தெரேஸ் எழுந்திருக்கவில்லை. இடையில் இருந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஐந்து பேருக்கும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். ஆறாவதாக அவர் வந்தார்.

முன்வரிசை காலியாகிவிட்டது. ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பட்டாளத்தில் இருந்தவருக்கு அந்த வழி தெரியாதா? அவர் தள்ளவில்லை. மகளின் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பர்தோன்" என்றார்.

பிரெஞ்சு பேசுகிற வீடுகளில் ஒருவரைக் கடந்து போகும்போது சொல்கிற சாதாரண வார்த்தை. கொஞ்சம் வழிவிடுங்கள் என்று அர்த்தம். சின்ன வயதில் அவளுக்கு அவர்தான் பழக்கியிருப்பார். மன்னிப்பு என்பதற்கும் அந்த மொழியில் அதே வார்த்தைதான். இரண்டில் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்ததா என்பதும் சந்தேகம்.

அவள் முழங்காலை ஒதுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எங்க போவணும்?" என்றாள்.

"ஊட்டுக்கு."

"காது மிஷின் போட்டுக்கலியா? காதுல காணமே."

"பேட்டரி போயிடுச்சி."

"அப்ப படம் எப்படிக் கேட்டுச்சி?"

"பாதி கேட்டுச்சி."

"மீதி?"

"மீதியப் பாத்துக்கினேன்" என்றார்.

நான் துணி கழற்றுவதுபோல ஜன்னலருகே நின்றிருந்தேன். கை தவறி ஒரு கொக்கி விழுந்து சத்தம் போட்டது. மீன்காரம்மா என்னைப் பார்த்து முறைத்தாள்.

தெரேஸ் எழுந்தாள். "வண்டி எடுத்தாந்திருக்கேன் பப்பா. வாங்க" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. கட்டிப்பிடித்து அழவில்லை, யாரும் காலில் விழவில்லை. உங்கள் படங்களில் இதற்கு ஒரு பாட்டு வைத்திருப்பார்கள்.

வாசல்வரை பின்னாலேயே போனேன், அவர் படியில் தடுக்கிவிடுவாரோ என்று. படி மூன்று, தடுக்கவில்லை. தெரேஸ் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினாள். அவர் இரண்டு பக்கமும் கால் போட்டுப் பின்னால் உட்கார்ந்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். அவள் கிளப்புவதற்கு முன்னால் வலப்பக்கக் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினாள். வெளிப்பக்கம் இருந்ததை நன்றாக உள்பக்கமாக.

எனக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி. கடற்கரைக்குப் போகிற வண்டியெல்லாம் அந்தத் தெருவில்தான் வரும். கண்ணாடியை அந்தக் கோணத்தில் வைத்தால் பின்னால் வருகிற பஸ் தெரியாது, லாரி தெரியாது, பின்சீட்டில் இருக்கிறவர் முகம் ஒன்றுதான் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று கையைத் தூக்கி, "தெரேஸ், கண்ணாடி..." என்று வாயைத் திறந்தேன்.

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த மீன்காரம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வாய மூடுங்க உபதேசியாரே" என்றாள். "சரியாத்தான் வச்சிருக்கா."